விக்கியில் சண்டை வந்தால்: ஆதாரம் வேறு, நடை வேறு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே "யாரோ அழிச்சிட்டாங்க டீச்சர்" என்று முகம் வாடி வந்து நிற்கிறார்கள். அவர்களுக்காகவும், டர்பனிலோ மாரிட்ஸ்பர்க்கிலோ இருந்துகொண்டு நம் ஆட்களைப் பற்றி எழுத நினைக்கும் எல்லோருக்காகவும் இது.

முதலில், வந்திருப்பது எந்தச் சண்டை என்று பாருங்கள். "இது எங்கே இருக்கிறது, காட்டு" என்றால் ஆதாரச் சண்டை. "இதை ஏன் இப்படி எழுதினாய்" என்றால் நடைச் சண்டை. முதலாவதற்கு ஏதாவது ஒரு புத்தகத்தில் பதில் இருக்கும். இரண்டாவதற்கு நாலு பேர் பேசி ஒத்துக்கொண்டால்தான் பதில். இரண்டையும் சேர்த்துக் குழப்பினால் இரண்டுமே தீராது.

நான் பட்டதைச் சொல்கிறேன். தில்லையாடி வள்ளியம்மை தில்லையாடியில் பிறந்தார் என்று ஒரு பத்தியில் இருந்தது. பெயருக்கு முன்னால் ஊர் ஒட்டிக்கொண்டதால் பலருக்கும் அந்த எண்ணம்தான். அது அவருடைய பெற்றோரின் ஊர். அவர் பிறந்தது 1898இல், ஜோகன்னஸ்பர்க்கில். திருத்தினேன். திருத்திய கையோடு "வீரமங்கை", "தியாகச்சுடர்" எல்லாவற்றையும் எடுத்தேன், தென்னாபிரிக்கா என்று இருந்த இடமெல்லாம் ஒரு "ப்" சேர்த்தேன், அப்புறம் ஜ, ஷ, ஸ விஷயத்திலும் எனக்குப் பிடித்தபடி மாற்றி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் சேமித்துவிட்டேன். அரை மணி நேரத்தில் இன்னொருவர் முழுவதையும் மீளமைத்துவிட்டார், அதாவது பழையபடி ஆக்கிவிட்டார். அவருக்குக் கோபம் கிரந்த எழுத்து மேல். பிறந்த ஊர் அவர் கண்ணிலேயே படவில்லை. மூன்று நாள் மல்லுக்கட்டினோம்.

அதனால் ஒரு சேமிப்புக்கு ஒரு விஷயம். ஊரை மாற்றினால் ஊர் மட்டும். சேமிக்கும்போது என்ன மாற்றினோம் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் "பிறந்த ஊர் திருத்தம், மேற்கோள் சேர்ப்பு" என்று நாலு சொல் எழுதுங்கள். எழுத்துக்கூட்டலை மாற்றுவது அடுத்த சேமிப்பில். அப்படிச் செய்தால் எதிரில் இருப்பவர் தனக்குப் பிடிக்காததை மட்டும் மீளமைக்க முடியும், மற்றது தப்பிக்கும்.

ஆதாரம் கேட்டாரா, வரியைத் திறந்து படியுங்கள். நான் காந்தி எழுதிய தென்னாப்பிரிக்க சத்தியாகிரக வரலாற்றைக் காட்டினேன். மீளமைத்தவர் போய்ப் படித்துவிட்டு வந்து, "ஐயா, வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த பதினாறு வயதுப் பெண் என்றுதான் இதில் இருக்கிறது, அங்கே பிறந்தார் என்று எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. அந்த வரி வயதுக்கு ஆகும், வாழ்ந்த ஊருக்கு ஆகும், பிறந்த ஊருக்கு ஆகாது. வேறொரு நூலைத் தேடிப் பக்க எண்ணோடு கொடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். நீங்கள் எழுதிய வாக்கியத்தையும் மூலத்தின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; ஒரு சொல் கூடுதலாக இருந்தாலும் அந்தச் சொல்லுக்குத் தனியாக ஆதாரம் வேண்டும்.

நமக்கு வரும் பெரிய சிக்கல் வீட்டுக்கதை. 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலில்தான் எங்கள் பூட்டனார் வந்தார் என்று பாட்டி சொல்லியிருப்பார். விக்கியில் அது நிற்காது. வெஸ்ட்வில்லில், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன; பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் உண்டு. ஆனால் அதில் இருக்கும் ஒரு முனுசாமி உங்கள் முனுசாமிதான் என்பது நீங்கள் போடும் முடிச்சு, அதைக் கட்டுரையில் எழுதக் கூடாது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. 2011 வாக்கில் மலையாளம், இந்தி, நம் நாட்டு செப்பெடி மொழிகளில் வாய்மொழியை மேற்கோளாக வைத்துப் பார்த்தார்கள், அது பொது விதியாக ஆகவில்லை. எழுதி வைக்காத மக்களுக்கு இது பெரிய இழப்பு. கோயில் மலர் கையில் இருந்தால் கோயில் கட்டிய ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். "நாட்டிலேயே பழைய கோயில்" என்று அதே மலர் சொன்னால் அதற்கு வெளியார் எழுதிய நூல் வேண்டும்.

நடைச் சண்டைக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவா தென்னாபிரிக்காவா என்றால், கட்டுரையை முதலில் எழுதியவர் எப்படி எழுதினாரோ அப்படியே விடுங்கள். ஆங்கில விக்கியில் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டலுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். தலைப்பில் தகராறு என்றால் இன்னொரு வடிவத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வழிமாற்று போட்டுவிட்டால் தேடுகிறவர் எப்படியும் வந்து சேர்வார். இங்கே கோவெண்டர் என்று எழுதும் குடும்பப் பெயரைக் கவுண்டர் ஆக்கலாமா என்று அடிக்கடி வரும். வேண்டாம் என்பேன். அவர் தன்னை எப்படி அழைத்துக்கொண்டாரோ அதுதான் அவர் பெயர்.

கட்டுரையோடு இருக்கும் உரையாடல் பக்கத்தில் சண்டைக்குரிய வாக்கியத்தை அப்படியே ஒட்டிவிட்டு, அதற்குக் கீழே பேசுங்கள். "உங்களுக்குத் தென்னாப்பிரிக்கா பற்றி என்ன தெரியும்" என்று தொடங்கினால் வாக்கியம் மறந்துபோகும். பதில் உடனே வராது. நமக்கு இரவு 9 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் 12:30, தூங்கியிருப்பார்கள். அதற்குள் திரும்பத் திரும்ப மீளமைக்காதீர்கள். ஆங்கில விக்கியில் 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தை 3 முறைக்கு மேல் மீளமைத்தால் தடையே வரும். இரண்டு பேராலும் முடியவில்லை என்றால் தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் போட்டு மூன்றாவது ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்கள் சண்டையிலும் அப்படி ஒருவர் வந்தார். அடைமொழிகள் போயின. ஜ, ஷ, ஸ என்னோடு மல்லுக்கட்டியவர் எழுதியபடியே இருக்கிறது, நான் தொடவில்லை. பிறந்த ஊர் ஜோகன்னஸ்பர்க் என்று, பக்க எண்ணோடு இருக்கிறது.