கேசட்டைக் கணினியில் ஏற்றுகிறீர்களா? இரைச்சலில் கை வைக்காதீர்கள்

போன மாதம் எங்கள் புளோக்கின் ஏழாவது மாடியில் இருக்கும் தம்பி ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாத்தாவின் குரல் பதிந்த கேசட் ஒன்றைக் கணினிக்கு மாற்றியிருக்கிறார். “அங்கிள், இரைச்சலையெல்லாம் சுத்தமா எடுத்துட்டேன், கேட்டுப் பாருங்க” என்றார். கேட்டேன். தாத்தா தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

“இரைச்சலை எடுக்கறதுக்கு முன்னாடி இருந்த ஃபைல் எங்கே தம்பி?”

“அதுமேலயே சேவ் பண்ணிட்டேன் அங்கிள்.”

“கேசட்?”

“வீட்டுல இருக்கு. அம்மா தூக்கிப் போடச் சொன்னாங்க. போட்டுடலாமா?”

அவரோடு ஏழாவது மாடிக்கே போய்க் கேசட்டைக் கையோடு வாங்கி வந்தேன். இருபது வருடங்களுக்கு முன்னால் நான் செய்த அதே கோளாறு. அதனால்தான் இதை எழுதுகிறேன். நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பது, பக்கம் மாற்றிப் போடுவது போன்ற சங்கதிகள் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். கேசட்டை ஏற்றும்போது நடக்கும் கோளாறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் போடுவது முக்கியமான கேசட்டாக இருக்கக் கூடாது

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்கு முன் அங்கே ஒரு பழைய கேசட் டெக் வாங்கினேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. திறந்து பார்த்தால் ரப்பர் பெல்ட் உருகிக் கறுப்புக் கோந்தாகிக் கிடந்தது. அப்படிப்பட்ட டெக்கில் ஒரே பிரதியாக இருக்கும் கேசட்டைப் போட்டால் நாடாவைச் சுருட்டி மென்றுவிடும். தேவையில்லாத கேசட் ஒன்றை இரண்டு பக்கமும் முழுசாக ஓட்டிப் பாருங்கள். 120 நிமிடம் ஓடும் சி-120 கேசட் என்றால் இன்னும் கவனம். அதன் நாடா சுமார் 9 மைக்ரான்தான், சி-60 நாடாவில் ஏறக்குறைய பாதி. நானாக இருந்தால் அதை வேகமாக முன்னும் பின்னும் ஓட்டவே மாட்டேன்.

மைக் துளை

டெக்கின் லைன் அவுட், அதாவது ஒலி வெளியே வரும் துளையிலிருந்து வரும் சமிக்ஞை ஏறத்தாழ 0.3 வோல்ட். கணினியின் மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். அதில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? உச்சங்கள் எல்லாம் வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும். ஒலியளவைக் குறைத்தாலும் கரகரப்பு போகாது, ஏனென்றால் அது உள்ளே நுழையும்போதே வெட்டுப்பட்டாயிற்று. போதாததற்கு, மடிக்கணினியில் இருக்கும் அந்த ஒற்றைத் துளையின் மைக் பகுதி மோனோதான். லைன் உள்ளீடு உள்ள யுஎஸ்பி ஒலிப்பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். இதற்கு மாற்று வழி என்று நான் எதையும் சொல்லப் போவதில்லை.

கணினி உங்களுக்குத் தெரியாமல் செய்யும் உபகாரங்கள்

“என் கேசட்டில் பாட்டு வந்து வந்து மறைகிறது, நாடா கெட்டுவிட்டதா?” என்று கேட்டு வருபவர்களின் நாடா பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கோளாறு கணினியில். விண்டோஸில் உள்ளீட்டுக் கருவிக்கு ‘ஒலி மேம்பாடு’ என்று ஒன்று இருக்கும். அது வீடியோ அழைப்புக்காக வைத்தது. பேச்சை மட்டும் விட்டு மீதியை அமுக்கும். தம்பூராவின் நீளமான சுருதி அதன் காதுக்கு ஏர்கான் சத்தம். அதை அணைத்துவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும்.

அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டெக்கும் மடிக்கணினியும் ஒரே நேரத்தில் சுவரில் செருகியிருக்கும்போது அது கேபிள் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியே கணினி பாதியில் தூங்காதபடியும், வாட்ஸ்அப் மணி பதிவில் விழாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய கல்யாண நாதஸ்வரத்தில் கெட்டிமேளத்துக்குச் சரியாக முன்னால் அந்த மணி விழுந்திருந்தது. அவர் அதை அப்படியே வைத்திருக்கிறார்.

இரைச்சலை நீக்கிவிட்டு மூலத்தை அழிப்பது

இதுதான் விஷயம்.

அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலையில் இருந்தபோது ஊரிலிருந்து கடிதத்துக்குப் பதில் சில சமயம் கேசட் வரும். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து யாராவது புறப்பட்டால் அவர்கள் பெட்டியில் முறுக்குக்கும் மாவடுவுக்கும் நடுவே ஒரு சி-60 இருக்கும். 1984இல் வந்த கேசட்டில் பெரியப்பா பேசியிருந்தார். பம்புசெட்டுக்கு மோட்டார் வாங்கியது, நாற்றங்கால், யார் வீட்டுக் கல்யாணம் என்று ஒரு பக்கம் முழுக்க.

2006இல் அதைக் கணினிக்கு மாற்றினேன். பின்னணியில் ‘உஸ்ஸ்’ என்ற நாடா இரைச்சல், அதோடு மேசை மின்விசிறியின் சத்தம். எனக்கு அது பிடிக்கவில்லை. இரைச்சல் நீக்கும் கருவியை அப்போதுதான் கற்றிருந்தேன். புதிதாக வாங்கிய அரிவாள்மனையில் எல்லாவற்றையும் நறுக்கிப் பார்க்கத் தோன்றுமே, அந்த வேகம். ஒரு தடவை நீக்கினேன். போதவில்லை என்று இன்னொரு தடவையும் நீக்கினேன். இடம் மிச்சம் பிடிக்க 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆகச் சேமித்தேன். 30 எம்பிகூட ஆகவில்லை என்று பெருமைப்பட்டது நினைவிருக்கிறது. அந்தத் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, ‘எல்லாம் கணினியில்தான் இருக்கிறதே’ என்று கேசட்டுகளை ஒரு பையில் கட்டிச் சமையலறையில் இருக்கும் குப்பைக் குழாயில் போட்டேன். பத்து மாடி கீழே போய் விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

பிறகு ஒரு நாள் ஹெட்போன் போட்டு அந்த எம்பி3யைக் கேட்டேன். நடுவில் பெரியப்பா பேச்சை நிறுத்துகிறார். இரண்டு மூன்று விநாடி அமைதி, துடைத்து வைத்த அமைதி. அப்புறம் வேறு பக்கம் திரும்பி, “சரித்தா, சொல்றேன்” என்கிறார். உடனே மோட்டார் கதைக்குப் போய்விடுகிறார். கடைசிவரை அதைச் சொல்லவே இல்லை.

திண்ணையிலிருந்து அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, ஏதோ சொல்லியிருக்கிறார், அப்பாவிடம் சொல்லச் சொல்லி. மைக்குக்குத் தூரமாக, மின்விசிறிச் சத்தத்தை ஒட்டிய அளவில் அந்தக் குரல் இருந்திருக்க வேண்டும். கருவி அதையும் விசிறியோடு சேர்த்து எடுத்துவிட்டது. அப்பாயியின் குரல் வேறு எந்தப் பதிவிலும் இல்லை.

கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வேலை செய்யும் முறையே அப்படி. பேச்சில்லாத ஓரிடத்தை மாதிரியாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அலைவரிசைப் பட்டையிலும் இரைச்சல் எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளும். பதிவு முழுவதிலும் அந்த உயரத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் அமுக்கிவிடும். அது மின்விசிறியா, ஆளா என்று அதற்குத் தெரியாது. குரலின் ‘ஸ’, ‘ஷ’ ஓசைகள் மழுங்குவதும், தண்ணீருக்குள் பேசுவதுபோல் கிணுகிணுப்பதும் இதனால்தான். எம்பி3 அதற்குமேல் ஒரு வெட்டு. பெரிய ஓசைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஓசை காதுக்குத் தெரியாது என்ற கணக்கில் அதைத் தூக்கி எறிந்துவிடும். எறிந்ததைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. இன்றைய மென்பொருள்கள் பேச்சையும் இரைச்சலையும் 2006இல் கனவிலும் நினைக்காத அளவுக்குப் பிரிக்கின்றன. ஆனால் பிரிப்பதற்கு இரைச்சலோடு சேர்ந்த மூலம் வேண்டுமே. ஐயாசா என்ற உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கம் காப்பகங்களுக்குச் சொல்வதும் இதுதான்: நாடாவில் உள்ளதை உள்ளபடியே ஏற்று, அழகுபடுத்துவதைத் தனிப் பிரதியில் வைத்துக்கொள். குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது அவர்கள் கணக்கு. அந்தத் தரத்தில் ஒரு சி-60 முழுக்க ஏற்றினால் ஏறக்குறைய ஒரு ஜிபி. உங்கள் கைப்பேசியில் கிடக்கும் காலை வணக்க வீடியோக்களை அழித்தால் பத்து கேசட்டுக்கு இடம் கிடைக்கும்.

ஆகவே பதிவு மென்பொருளின் அளவுமானியில் உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல், எதையும் தூக்கி எறியாத வேவ் கோப்பாகப் பதியுங்கள். அதை இரண்டு இடத்தில் வையுங்கள். அந்தக் கோப்பை ஆடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் எதிலும் திறந்து சேமிக்கவே வேண்டாம். வெட்டுவது, ஒட்டுவது, இரைச்சல் எடுப்பது எல்லாம் நகலில். குடும்பக் குழுவுக்கு அனுப்ப எம்பி3 தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், அதையும் நகலிலிருந்துதான்.

டால்பி பொத்தான்

டால்பி என்பது டெக்கிலேயே இருக்கும் இரைச்சல் குறைக்கும் வசதி. டால்பியில் பதியாத கேசட்டுக்கு அதைப் போடாதீர்கள்.

மந்தமான ஒலியை ஈக்வலைசரில் சரிசெய்வது

ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் முதலில் ஹெட்டின் சாய்வைப் பாருங்கள். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகு ஒன்று இருக்கும். பதிவை மோனோவில் கேட்டுக்கொண்டே கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால், ஓரிடத்தில் திரை விலகியதுபோல் மெய்யெழுத்துகள் பளிச்சென்று வரும். அங்கே நிறுத்துங்கள். பதிந்த டெக்கின் ஹெட் எப்படிச் சாய்ந்திருந்ததோ, அதற்கு ஏற்றபடி ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும். நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சுப் பட்டை பசை காய்ந்து விழுந்திருந்தாலும் இதே மந்தம் வரும். அப்போது திருகு போட்ட வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்ற வேண்டியதுதான்.

பூஞ்சை

நம் ஊர் ஈரத்துக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேசட் ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். டெக்கிலும் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டிலும் ஒட்டும். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டி வைத்து, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கோப்புப் பெயர்

‘டேப்1_ஃபைனல்_புதுசு’ என்று வைக்காதீர்கள். யார், எந்த ஊர், எந்த வருடம், எந்தப் பக்கம்.

ஏழாவது மாடித் தம்பியின் கேசட்டைப் போன சனிக்கிழமை அவரையே பக்கத்தில் உட்கார வைத்து மறுபடியும் ஏற்றினோம். அரை மணி நேரம், ஒரு பக்கம்தான் பதிந்திருந்தது. அவர் இரண்டு தடவை இரைச்சல் நீக்கும் பொத்தானை நோக்கி மௌஸை நகர்த்தினார். இரண்டு தடவையும் கையைப் பிடித்துக்கொண்டேன். கேசட் இப்போது என் வீட்டு உலர் பெட்டியில், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது என்ன ஆயிற்று என்று அவர் அம்மா இன்னும் கேட்கவில்லை.