ஐஸ் ஹொக்கி விளையாட்டில் கோல்காப்பாளரைச் சீர்செய்யும் முறை

ஐஸை மீன்பெட்டிகளில் மட்டுமே கண்டு வளர்ந்த மட்டக்களப்புக் கல்லடிப் பையன்கள், ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் என்.எச்.எல். என்ற ஐஸ் ஹொக்கி வீடியோ விளையாட்டைத் தொடங்கியதும் முதலில் குறைகூறுவது கோல்காப்பாளரைத்தான். ஒரு நாள் எதையும் உள்ளே விடமாட்டார். மறுநாள் நடுக்களத்திலிருந்து வந்த அடியையும் விட்டுவிடுவார். ஸ்லைடர்களை, அதாவது வீரர்களின் திறனைக் கூட்டிக் குறைக்கும் அமைப்புகளை, தொடுவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உண்மையான என்.எச்.எல். (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்) ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட 3 பகுதிகளை உடையது. அதில் ஓர் அணி கோலை நோக்கி ஏறத்தாழ 30 தடவை அடிக்க, 3 அளவில் கோலாகின்றன. அதாவது காப்பாளர் பத்தில் ஒன்பதைத் தடுக்கிறார். பகுதிக்கு 4 நிமிடம் என்று வைத்து, மொத்தம் 10 அடிகளே அடித்தவருக்கு ஒரு கோல் கிடைத்தால் காப்பாளர் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். அவரை மந்தமாக்க வேண்டியதில்லை; ஆட்ட நேரத்தைக் கூட்டினாலே போதும்.

அதன் பின்னும் குறை தெரிந்தால், குறுக்கே நகரும் வேகத்துக்கான ஸ்லைடரை முதலில் எடுங்கள். வெபர் மைதானத்தில் உதைபந்தாட்டக் காப்பாளர் முன்னே வந்து கோணத்தை அடைப்பதைப் போலவே இவரும் அடைப்பதால், 6 அடி அகலக் கோலில் நேரடி அடிக்கு இடமிருப்பது குறைவு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் ‘பக்’ எனும் ரப்பர்த் தட்டைக் கடத்தி, அவர் நகர்ந்து முடிவதற்குள் அடிப்பதே வழி. இந்த வேகம் மிகுந்தால் கடத்தலுக்குப் பயனிருக்காது, மிகக் குறைந்தாலோ ஒவ்வொரு கடத்தலும் கோலாகி ஆட்டம் சலித்துவிடும் என்பதால், ஒரு தடவையில் 5 புள்ளிகளுக்கு மேல் மாற்றாதீர்கள்.

தூர அடிகள் பயனற்றுப்போனால், முன்னே நிற்கும் வீரர்களால் காப்பாளரின் பார்வை மறைக்கப்படுவதன் விளைவைக் கூட்டுங்கள். ஆனால் மறைப்பே இல்லாத தூர அடிகள் உள்ளே போகுமானால், பெரும்பாலும் குற்றம் காப்பாளருடையதன்று. அடியின் துல்லியத்தைக் குறையுங்கள்.

உங்கள் அணிக்கும் கணினியின் அணிக்கும் ஒரே அளவை வையுங்கள். (எதிர்க்காப்பாளரை மட்டும் மந்தமாக்கி வென்று, அதைப் பெருமையாகச் சொன்னவர் எங்கள் ஒழுங்கையிலும் உண்டு.) ஒரு மாற்றத்துக்குப் பின் 10 ஆட்டங்கள் ஆடி, அடிகளையும் கோல்களையும் கொப்பியில் குறித்துக் கூட்டுங்கள். இடையில் ஓர் ஆட்டம் 6-0 என்று முடிந்தாலும் எதையும் மாற்றாதீர்கள். நூறு அடிகளில் 88 முதல் 92 வரை தடுக்கப்பட்டிருந்தால் அந்த ஸ்லைடரை அப்படியே விட்டுவிடலாம்.