பண்ணை ஓப்பன் டேக்குப் போகிறீர்களா? கேள்விகளோடு போங்கள்

சிங்கப்பூரில் லிம் சூ காங், கிராஞ்சி பக்கத்துக் குடும்பப் பண்ணை ஏதாவது ஓப்பன் டே, அதாவது எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று ஒரு நாள், அறிவித்தால், முன்பதிவு தேவையா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள். சொந்த வண்டி இல்லையென்றால் சுவா சூ காங் வழியாகப் போகும் 975 பேருந்து இருக்கிறது, ஆனால் இறங்கியபின் சந்துக்குள் வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். டாக்சியில் போய்விடலாம். திரும்பி வரத்தான் கிடைக்காது.

காலையிலேயே போங்கள். ஆட்டுப் பண்ணை என்றால் பால் கறப்பதெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும், மதியத்தில் கீரையும் வாடும், பிள்ளைகளும் வாடுவார்கள். முழுக்கால் சட்டை, மூடிய காலணி, கொசு மருந்து, குடை, கொஞ்சம் ரொக்கம். கைக்குழந்தை இருந்தால் ஒன்று: பக்கத்தில்தான் தெங்கா விமானப்படைத் தளம், போர் விமானச் சத்தத்தில் தூங்க வைப்பதெல்லாம் நடக்காது.

படம் எடுப்பது இருக்கட்டும், பண்ணைக்காரரிடம் பேசுங்கள், அதற்குத்தான் கதவையே திறந்து வைத்திருக்கிறார்கள். "மருந்து அடிக்கிறீர்களா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அதைவிட, விதை, உரம், தீவனம் எங்கிருந்து வருகின்றன என்று கேளுங்கள். நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி, ஆட்டுக்குப் போடும் புல்கூடக் கப்பலில் வந்திருக்கலாம். அதை மறைக்காமல் சொல்கிறவரை நான் நம்புவேன், "எல்லாமே நேச்சுரல்" என்று மட்டும் சொல்லிச் சிரிக்கிறவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன். பாசனத்துக்கு மழைநீர்க் குளமா, குழாய்த் தண்ணீரா? ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப ஒரே பயிரா? நிலக் குத்தகை இன்னும் எத்தனை வருடம் என்றும், பக்குவமாகத்தான், கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் நாளைக்கே காலி செய்ய வேண்டிய நிலத்தில் மண்ணை வளப்படுத்த யார்தான் காசு போடுவார்கள்?

அப்புறம், மக்கும் உரக் குவியலைக் காட்டச் சொல்லுங்கள். வேலை செய்துகொண்டிருக்கும் குவியலின் உள்ளே நன்றாகவே சுடும், முழுதாக மக்கியதில் மழை பெய்த மண்ணின் வாசனைதான் வரும். அழுகல் நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது அல்லது காற்றோட்டம் போதவில்லை.

சொல்லாமல் எதையும் பறிக்காதீர்கள். ஆட்டைத் தொட்டால் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழிக் கொட்டகைக்குள் விடவில்லை என்று கோபப்படவும் வேண்டாம், பறவைக் காய்ச்சல் நம் காலணியில் ஒட்டிக்கொண்டே உள்ளே போகக்கூடும்.

வாங்கும்போது இன்று காலை அறுத்தது எது என்று கேட்டு அதையே வாங்குங்கள், கங்குனோ பாயமோ எந்தக் கீரையானாலும் சரி. இலையில் ஓட்டை இருந்தால் பரவாயில்லை. தேக்காச் சந்தையில் பேசுவதுபோல் இங்கே பேரம் பேசாதீர்கள், சின்னப் பண்ணைக்கு ஆட்கூலியே பெரிய செலவு. கீரையை நாளிதழில் சுற்றிக்கொள்ளுங்கள், பாலுக்குக் குளிர்ப்பை கட்டாயம் வேண்டும். டுரியான் கிடைத்தால் மட்டும் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், எம்ஆர்டி ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள்.