ஹாரன் சத்தம் மனதிலிருந்து இறங்கும்வரை

போன வருடம் பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் நான் சைக்கிளில் போனபோது ஒரு வேன்காரர் கண்ணாடியை இறக்கி, "ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கத்திவிட்டு உரசுகிற மாதிரி போனார். அந்தப் பயத்தில் இரண்டு மாதம் சைக்கிளில் துணிதான் காய்ந்தது.

உங்களுக்கும் இப்படிப் பயம் வந்திருந்தால், திரும்ப ஓட்ட ஆரம்பிக்க, குயின்ஸ்பேயிலிருந்து பத்து மாவுங் நோக்கிப் போகும் கடலோர சைக்கிள் பாதைக்கு ஞாயிறு விடியலிலேயே போங்கள். கார் தொல்லை இல்லை. அங்கே ஒரு கையை விட்டு ஓட்டுவதையும், வளையாமல் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதையும் பழகுங்கள், இந்த இரண்டும் வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அப்புறம் உங்கள் தாமானின், அதாவது குடியிருப்புப் பகுதியின், உள்சாலைகள்.

பெரிய சாலையில் நாம் செய்கிற தப்பு, பயத்தில் சாக்கடையோரம் ஒண்டுவது. ஒண்டினால் இடம் இருக்கிறது என்று நினைத்து நெருக்குவார்கள். ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நேராகப் போங்கள், நிறுத்தியிருக்கும் கார்களிடமும் அதே இடைவெளி, ஏனென்றால் டிரைவர் கதவு நம் பக்கம்தான் திறக்கும். சந்திப்பில் லாரிக்கு இடப்பக்கம் மட்டும் நுழையவே நுழையாதீர்கள், அது இடதுபுறம் திரும்பினால் நாம் ஓட்டுநர் கண்ணுக்கே தெரிய மாட்டோம்.

யாராவது கத்தினால்? பதில் பேசாமல் வேகத்தைக் குறைத்து அவரைப் போகவிடுங்கள். கை நடுங்கினால் ஓரமாக நிறுத்தி ஒரு தே ஓ (பால் இல்லாத டீ) குடியுங்கள். நான் அன்று இரண்டு குடித்தேன்.