எடை எண்ணில் பாதி சரி, பாதி குப்பை

குடோனில் எடை மெஷினை ஆர்எஸ்-232 கேபிளில் (டேட்டாவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் கேபிள்) கையடக்க டெர்மினலோடு இணைத்தால் எடை தாறுமாறாக வந்தது. கேபிளை மாற்றச் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை; கேபிள் போனால் கண்டபடி போகும். இங்கே 0, 3, 5, 6, 9 ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வந்தன. 1 வரவேண்டிய இடத்தில் ±, 2-க்கு ². பிடி அங்கேதான் கிடைத்தது.

ஆஸ்கி என்பது ஒவ்வோர் எழுத்தையும் 0, 1 பிட்டுகளாக எழுதும் முறை. 1-இன் ஆஸ்கி குறியீட்டில் மூன்று ஒன்றுகள். ஈவன் பாரிட்டி என்ற பிழை சோதனை முறை அந்த எண்ணிக்கையை இரட்டைப்படையாக்க எட்டாவது பிட்டையும் ஒன்றாக்கிவிடும். சரியாக வந்த எண்களில் ஏற்கெனவே இரட்டைப்படைதான், அதனால் அந்தப் பிட் பூஜ்யம். மெஷின் அனுப்புவது 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, எழுத்து முடிந்ததைக் காட்டும் 1 ஸ்டாப் பிட். டெர்மினலோ 8 பிட், பாரிட்டி இல்லை என்று வாங்கிக்கொள்கிறது; பாரிட்டி பிட்டையும் எழுத்தின் பகுதியாக எடுத்துக்கொண்டு 1-ஐ ± ஆக்கிவிடுகிறது. எப்படிப் பார்த்தாலும், தொடக்கத்தில் வரும் ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்து ஓர் எழுத்துக்கு மொத்தம் 10 பிட்தான், அதனால் பிழைச் செய்தியும் வராது. பாட் ரேட் (அனுப்பும் வேகம்) இரு பக்கமும் 9600, அதைத் தொடவில்லை.

டெர்மினலை 7, ஈவன், 1 என்று வைத்ததும் எடை சரியாக வந்தது.

சரி, முடிந்தது என்று பார்த்தால் இன்ஃப்ராரெட் பிரிண்டர் மக்கர் செய்தது. இந்த டெர்மினலில் கேபிளுக்கும் இன்ஃப்ராரெட்டுக்கும் ஒரே போர்ட். பிரிண்டருக்கு 8 பிட் வேண்டும். அச்சடிக்கும் முன் 8-க்கும் முடிந்தபின் 7-க்கும் மாற்றும்படி புரோகிராமிலேயே எழுதிவிட்டேன்.