குமிழி அடங்கிய தொட்டி: மோட்டாரைக் கழற்றும் முன்

போன வாரம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். ஸ்பா தொட்டிக்குக் குமிழிக் காற்று ஊதும் புளோயரைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, "காயில் வீக்காயிடுச்சுண்ணே, புதுசு வாங்கிரலாமா?" என்று கேட்டார். காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் ஒரு ஆச்சியிடம் சொல்லி, அவர் காசைக் கரைத்திருக்கிறேன்.

நான் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன். பழைய வீடுகளைப் புதுப்பித்துத் தங்கும் விடுதி ஆக்கினார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அப்பச்சி முழங்கால் வலிக்கு என்று தொட்டி வாங்கிப் போட்டார்கள். அந்த வழியில் இந்த வேலை வந்தது. இந்தத் தொட்டிக்கு வழங்கும் ஜக்குஸி என்ற பேருக்குச் சொந்தக்காரர்களும் விவசாய பம்பு செய்தவர்கள்தான். 1956-ல் அவர்கள் விற்கத் தொடங்கிய, வீட்டுத் தொட்டிக்குள் இறக்கும் சிறு பம்பிலிருந்துதான் இதெல்லாம் வளர்ந்தது. அதனால் பம்பு மெக்கானிக் இதில் கைவைப்பதில் தப்பில்லை. அவசரப்படுவதுதான் தப்பு.

காற்றுத் திருகு மூடியிருப்பது, ஜெட் மூழ்கும் அளவு தண்ணீர் இல்லாதது, ஃபில்டரில் மல்லிகைப்பூ அடைத்திருப்பது: இதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

எந்த வகை என்று பார்க்காமல் தொடங்குவது

இரண்டு வகை உண்டு. ஒன்றில் பம்பு தண்ணீரை ஜெட்டின் குறுகிய கழுத்து வழியாகத் தள்ளும். அந்த வேகத்தில் பக்கக் குழாயிலிருந்து காற்று தானாக உறிஞ்சப்பட்டு உள்ளே வரும். இதற்கென்று தனி புளோயர் தேவையில்லை. தண்ணீர் பலமாக வந்து குமிழி மட்டும் இல்லையென்றால் காற்றுக் குழாயைப் பாருங்கள். இரண்டுமே பலவீனம் என்றால் பம்பு, ஃபில்டர், உறிஞ்சும் வாய் என்று போங்கள். இன்னொரு வகையில் புளோயர் காற்றை ஊதி, தொட்டியின் அடியில் இருக்கும் சின்னத் துளைகள் வழியே அனுப்பும். இனி சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்கு.

தொட்டியைச் சுற்றி அடைத்துவிடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

தேவகோட்டை அருகே ஒரு வீடு. இரண்டாம் கட்டு முற்றத்தை ஒட்டிய பெரிய குளியலறை. தொட்டியை வைத்து, புளோயரை அதன் கீழேயே பொருத்தி, ஓட்டிக் காட்டினேன். பால் பொங்குவது மாதிரி குமிழி வந்தது. ஆச்சிக்குச் சந்தோஷம். அப்புறம் கொத்தனார் வந்து நாலு பக்கமும் செங்கல் எழுப்பி, ஆத்தங்குடி டைல் கல் பதித்து, இழை தெரியாமல் பூசிவிட்டார். பார்க்க அவ்வளவு அழகு. நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பத்து நாளில் போன். "ஏந்தம்பி, போட்ட ஒடனே பொங்குது, பத்து எண்ணுறதுக்குள்ள அடங்கிருது. கொஞ்ச நேரத்துல தானா நின்னும் போயிருது." போய்ப் பார்த்தேன். மோட்டார் சூடேறி, அதற்குள் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்தியிருக்கிறது. மோட்டார் கோளாறு என்று முடிவு கட்டினேன். ஒரு பக்கக் கல்லை உடைத்துப் புது புளோயர் போட்டேன். பிரமாதமாக ஓடியது. கல்லைப் பதித்து மூடினார்கள். மறுபடியும் அதே போன்.

இரண்டாவது முறை உடைத்தபோதுதான் உறைத்தது. உடைத்தால் நன்றாக ஓடுகிறது, மூடினால் அடங்குகிறது. அப்படியென்றால் கோளாறு மோட்டாரில் இல்லை, மூடுவதில் இருக்கிறது! புளோயர் வெளியே ஊதுகிற காற்றை எங்கிருந்தாவது இழுத்தாக வேண்டும். தொட்டிக்கு அடியில் மூடிய அறைக்குள் இருந்த காற்று சில நொடிகளில் குறைந்துவிடும்; பிறகு கசிவு வழியாக வருகிற கொஞ்சக் காற்றுதான் மிச்சம். குமிழி அடங்கும். மோட்டாரைக் குளிரவைக்கவும் காற்று போதாது, சூடேறும். பழைய புளோயரை எடுத்துச் சோதித்தேன். ஒரு கோளாறும் இல்லை, கல் மாதிரி இருந்தது.

பழைய கல்லுக்கு ஜோடி கிடைக்கவில்லை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் கையால் வண்ணம் ஊற்றி, சிமெண்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. ஒரு தடவை வார்த்த நிறம் அடுத்த தடவை அப்படியே வராது. இன்றும் அந்தச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் ஆசாரியை வைத்துத் தேக்கில் சரிவுப் பட்டை வைத்த சின்னக் கதவு ஒன்று செய்து மாட்டினோம். கை, ஸ்பேனர், புளோயர் எல்லாம் போய்வரும் அளவு. காற்றுக்கான இடைவெளி மொத்தமாகப் பார்த்தால் புளோயரின் உறிஞ்சும் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நான் ஒரு சாணுக்கு ஒரு சாண் விடுகிறேன். "காட்சி கெட்டுரும்" என்று வரைபடம் போடுகிறவர் சொல்வார். அவர் சொல்லட்டும், நீங்கள் கதவு வைக்காமல் நகராதீர்கள்.

ஏற்கெனவே அடைத்த தொட்டி என்றால் எதையும் உடைக்கும் முன் ஓர் ஊதுபத்தி போதும். புளோயரை ஓடவிட்டு, கல் இடுக்கில், குழாய் நுழையும் ஓட்டையில் புகையைக் காட்டுங்கள். புகையை வெடுக்கென்று உள்ளே இழுத்தால் அறை மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். கானாடுகாத்தான் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். "இழுக்குதுண்ணே."

காற்றுக் குழாயைத் தரையோடு தரையாக இழுப்பது

புளோயரிலிருந்து வரும் குழாய் முதலில் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஓர் அடியாவது ஏறி, வளைந்து, பிறகு இறங்க வேண்டும். இல்லையென்றால் நிறுத்தியதும் தண்ணீர் திரும்பி மோட்டாருக்குள் போகும். நடுவில் ஒருவழி வால்வு இருக்கிறதே என்று நம்பாதீர்கள். உப்புப் படிந்தால் அது பாதி திறந்தபடியோ பாதி மூடியபடியோ நின்றுவிடும்.

மிச்சம் கிடக்கிறதே என்று சின்ன முக்கால் இஞ்சுக் குழாயை இடையில் ஒட்டுவதும் வேண்டாம்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்குவது

சனிக்கிழமை நல்லெண்ணெய், சீயக்காய், மேலே போர்வெல் தண்ணீர். காரைக்குடி சம்பை ஊற்றின் நல்ல தண்ணீரை வைத்து எல்லாத் தண்ணீரையும் எடைபோட முடியாது. பல வீடுகளில் உப்புத் தண்ணீர்தான். மூன்றும் சேர்ந்து துளைகளில் பசை மாதிரி பிடிக்கும். ஒரு பக்கம் குமிழி, ஒரு பக்கம் மௌனம். வெதுவெதுப்பான தண்ணீரில் லெமன் சால்ட் கரைத்து, துளைகள் மூழ்க ஊறவையுங்கள். தண்ணீரை வடித்தபின் மிஞ்சும் அடைப்பை ஈர்க்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊக்கு, கம்பி கூடாது. ஒரு துளை பெரிதானால் காற்று அதன் வழியே ஓடிவிடும், மற்றவை பட்டினி கிடக்கும். குளித்து முடித்துத் தண்ணீரை இறக்கியபின் புளோயரை இரண்டு நிமிடம் ஓடவிட்டால் துளைகள் காய்ந்து, இந்தத் தொல்லை குறையும்.

ஆசிட்

பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டாம். தொட்டியும் போகும், ஆத்தங்குடிக் கல்லும் போகும்.

ரசமட்டம் வைக்காமல் உட்காரவைப்பது

பழைய குளியலறைத் தரை தண்ணீர் ஓடச் சரிவாகத்தான் இருக்கும். அதன் மேல் தொட்டியை அப்படியே வைத்தால் ஒரு பக்கம் தண்ணீர் ஆழம் குறையும், காற்று சுலபமான அந்தப் பக்கமே கிளம்பும். துளையெல்லாம் சுத்தமாக இருந்தும் குமிழி ஒருபக்கமாக வந்தால் தொட்டியின் காலைத் திருகி மட்டம் பாருங்கள்.

மெயினை அணைக்காமல் கைவைப்பது

இதற்கு விளக்கம் கிடையாது.

மீட்டர் எடுத்துப் போகாதது

"சாயங்காலம் சோம்பிக் கெடக்கு, ராத்திரி பத்து மணிக்கு மேல நல்லா வருது" என்று வீட்டில் சொன்னால் தொட்டியைத் தொடாதீர்கள். தெரு முழுக்க ஏசி ஓடுகிற நேரத்தில் போய், புளோயர் ஓடும்போது வோல்டேஜ் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 காட்டினால் கோளாறு கரண்டில்தான், வேலை உங்களுடையது இல்லை.