ஃப்ளை காஸ்டிங் பழகலாம்: முதல் வாரம் ஆறு வேண்டாம், புல்வெளி போதும்

சாயங்காலம் ரக்பி மைதானத்தின் ஓரத்தில் நின்று நான் தூண்டில் வீசிக்கொண்டிருப்பேன். நாயோடு நடக்க வருகிறவர்களில் ஒருவராவது "ஏதாவது மாட்டிச்சா?" என்று கேட்காமல் போக மாட்டார். நியூசிலாந்தின் தென்கோடி, சவுத்லாந்து. மடாவுரா ஆறு பக்கத்தில்தான். அதன் கரையிலுள்ள கோர் என்ற சிற்றூர், பிரவுன் ட்ரவுட் மீனுக்குப் பெரிய சிலையே வைத்திருக்கிறது. இருந்தும் புதிதாகப் பழக வருகிறவர்களை முதல் வாரம் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம் என்பேன். ஆற்றில் நின்றால் கண் மீனைத் தேடும், கை பழகாது. நான் முதல் நாளே ஆற்றுக்குப் போனவன். கரையோர வில்லோ மரத்துக்கு நான்கு ஃப்ளைகளை, அதாவது பொய்ப் பூச்சிகளை, தானம் செய்துவிட்டு வீடு திரும்பினேன்.

எறிவது முள்ளை அல்ல

நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டுதான் பறக்கிறது. தங்கூசி நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. இங்கே தலைகீழ். ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சி. ஊதினால் பறந்துவிடும், அதை எறிய முடியாது. அதனால் எடையை லைனிலேயே வைத்துவிட்டார்கள். லைன் காற்றில் சுருள் பிரிந்து போகும், பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும். இது மனதில் பதிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

என்ன வாங்குவது

9 அடி நீளத்தில் 5 நம்பர் ராடு, அதே நம்பரில் மிதக்கும் லைன், ஒரு சுமாரான ரீல், 9 அடி லீடர் (லைனின் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு). நம்பர் என்பது லைனின் எடையைக் குறிக்கிறது. 5 நம்பர் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். ஒரு சவரன் தங்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அது 30 அடிக்கும் பரவிக் கிடக்கிறது. ராடு நம்பரும் லைன் நம்பரும் ஒன்றாக இருக்கட்டும். காசு மிச்சமானால் லைனில் போடுங்கள், ரீலில் போடாதீர்கள். ட்ரவுட் மீன்பிடிப்பில் ரீல் பெரும்பாலும் லைன் சுற்றி வைக்கும் டப்பாதான். கேட்டால் கடையிலேயே லைனைச் சுற்றி லீடரையும் கட்டித் தருவார்கள்.

லீடரின் நுனியில் முள் வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் சிவப்பு உல்லன் நூலை முடிந்துகொள்ளுங்கள். புல்லில் பளிச்சென்று தெரியும். ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் மாசிடோனியர்கள் பொய்ப் பூச்சியால் மீன் பிடித்ததை ஒரு ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் முள்ளில் சுற்றியதும் சிவப்புக் கம்பளி நூல்தான், கூடவே இரண்டு சேவல் இறகுகள். நூல்தானே என்று கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசாதீர்கள். லீடர் நுனி கண்ணில் பட்டால் சாட்டையடிதான். மின்கம்பிக்கு அடியிலும் இடி இடிக்கும்போதும் ராட்டைத் தூக்கவே கூடாது. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்.

முதல் படி: படுக்க வைத்து வீசுங்கள்

ராடு முனையிலிருந்து 8 மீட்டர் லைனை வெளியே இழுத்து, புல்லில் நேராகப் போடுங்கள். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மேலே இருக்கட்டும். ரீலிலிருந்து வரும் லைனை ஆள்காட்டி விரலால் கைப்பிடியோடு அழுத்திக்கொள்ளுங்கள். இடது கைக்கு இப்போதைக்கு வேலையில்லை, பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது ராட்டை இடுப்பு உயரத்தில் தரைக்குக் கிடையாகப் பிடித்து, வலப்பக்கம் ஒரு வீச்சு, இடப்பக்கம் ஒரு வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் லைன் புல்லில் விழட்டும், அவசரமில்லை. கிடையாக வீசுவதில் ஒரு லாபம்: நடப்பதெல்லாம் கண்ணுக்கு எதிரே நடக்கிறது. ராட்டைச் சட்டென்று நிறுத்திய நொடியில் லைன் ஒரு பக்கமாகச் சாய்த்த U போல வளைந்து, அந்த வளைவு உருண்டு உருண்டு நுனி வரை போய் நேராவதைப் பார்ப்பீர்கள். அந்த வளைவுக்குத்தான் லூப் என்று பெயர். நிறுத்தாமல் கையை முழுக்க வீசினால் லூப் ஒரு வாசற்கதவு அகலத்துக்கு விரிந்து பொத்தென்று விழும்.

சின்ன வயதில் குச்சி நுனியில் களிமண் உருண்டையைச் செருகி எறிந்திருக்கிறீர்களா? எடுத்த எடுப்பில் வெடுக்கென்று இழுத்தால் மண் உங்கள் தலையில் விழும். மெல்ல ஆரம்பித்து, வேகம் கூட்டி, டக்கென்று நிறுத்தினால்தான் அது பறக்கும். இதுவும் அதே கைதான். ஃப்ளை காஸ்டிங் பற்றி எத்தனை மணி நேரம் பேசினாலும் கடைசியில் இந்தக் களிமண்ணுக்குத்தான் வந்து சேர வேண்டும்.

இரண்டாம் படி: நிமிர்த்தி வீசுவது

பக்கவாட்டில் ஒருவர் நின்று உங்களைப் பார்ப்பதாகவும், அவருக்கு உங்கள் முகம் இடப்பக்கம் திரும்பியிருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைக்கு மேலே 12 மணி. முன்னால் 10, பின்னால் 1. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ராடு வேலை செய்ய வேண்டும்.

ராடு முனையைப் புல் வரை தாழ்த்துங்கள். லைனில் தொய்வு இருந்தால் எடுத்துவிடுங்கள். தொய்வோடு தொடங்கினால் பாதி வீச்சு அதை இழுப்பதிலேயே செலவாகிவிடும். மெல்லத் தூக்குங்கள், லைன் புல்லை விட்டுக் கிளம்பியதும் வேகம் கூட்டுங்கள், 1 மணியில் நிறுத்துங்கள்.

அப்புறம் ஒன்றும் செய்யாதீர்கள்.

இந்தச் சும்மா இருக்கும் நொடிதான் எல்லாருக்கும் கஷ்டம். லைன் உங்களுக்குப் பின்னால் போய் நேராக நேரம் வேண்டும்; லைன் நீளம் கூடக்கூட காத்திருப்பும் கூடும். 'ஒன்று, இரண்டு' என்று எண்ணச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள், யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை. லைன் நேராகப் போகிற சமயத்தில் முன்வீச்சைத் தொடங்கி, 10 மணியில் நிறுத்தி, லூப் பிரிந்து முடிந்ததும் ராட்டைத் தாழ்த்துங்கள். சிவப்பு நூல் கடைசியாகப் புல்லில் இறங்கினால், சரி, வந்துவிட்டது.

எங்கே தப்பு என்று காதும் புல்லும் சொல்லும்

பின்னால் சாட்டை போலப் படீரென்று சத்தம் கேட்டால் காத்திருக்கவில்லை என்று அர்த்தம். ஆற்றில் அந்தச் சத்தத்தோடு ஃப்ளையும் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

பின்னால் லைன் புல்லில் உரசினால் மணிக்கட்டு மடங்கி, ராடு 3 மணி வரை சாய்ந்திருக்கும். இதற்கு ஒரு வைத்தியம்: முழுக்கைச் சட்டை போட்டு, ராட்டின் அடிமுனையைக் கைப்பட்டிக்குள் செருகிவிடுங்கள். மணிக்கட்டு மடங்கினால் துணி இழுக்கும்.

லீடரில் தானாக முடிச்சு விழுந்தால், எங்கள் ஊர்க்காரர்கள் காற்றின் மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் காரணம் வெடுக்கென்று இழுத்ததுதான். ராடு முனை சட்டென்று வளைந்து தாழ்கிறது, லைனின் மேல்பாதி கீழ்பாதியைக் குறுக்கே வெட்டுகிறது. ஒருநாள் வீட்டுக்கு வந்து விளக்கடியில் என் லீடரை விரித்துப் பார்த்தேன், ஐந்து முடிச்சுகள். மீன் இழுத்தால் நரம்பு அறுவது அந்த இடத்தில்தான். முடிச்சு விழுந்த லீடரை மாற்றிவிடுங்கள்.

தூரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் பிடித்த ட்ரவுட்டில் பெரும்பாலானவை 10 மீட்டருக்குள் கிடைத்தவை. தூரத்துக்குப் பலம் வேண்டும் என்று யாராவது சொன்னால் அமெரிக்காவின் ஜோன் வுல்ஃப் அம்மையாரைச் சொல்லுங்கள். நடனம் கற்றுக்கொடுத்தவர், 1960-ல் 161 அடி வீசியவர்.

ஆற்றுக்குப் போகும் நாள்

தினம் 15 நிமிடம், ஒரு வாரம் போதும். ஒரே நாளில் 15 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்தால் கை சோர்ந்து தப்பைத்தான் பழகும்.

இங்கே பெரும்பாலான ஆறுகளில் அக்டோபர் 1-ல் சீசன் தொடங்குகிறது. லைசென்ஸ் கட்டாயம், வடதீவிலுள்ள டாப்போ ஏரி வட்டாரத்துக்கு அது தனி. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள், மீனுக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது. ஃபெல்ட் என்ற தடித்த கம்பளித் துணி அடி வைத்த பூட்ஸ் இந்த நாட்டில் 2008 முதல் தடை. 2004-ல் சவுத்லாந்து ஆற்றில்தான் டிடிமோ என்ற பாசியை முதலில் கண்டார்கள். ஈரமான ஃபெல்ட் அதை அடுத்த ஆற்றுக்குச் சுமந்து போகும். வேறு ஆற்றுக்குப் போகுமுன் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவிக் காயவைக்க வேண்டும். இன்னொன்று: நியூசிலாந்தில் ட்ரவுட்டை விற்பது குற்றம். சாப்பிட ஆசைப்பட்டால் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பிடிக்கிறவனோடு பழக வேண்டும்.

புல்லில் பழகிய லைனில் பச்சைக் கறையும் மண்ணும் ஏறியிருக்கும், அப்படியே கொண்டுபோனால் சரியாக மிதக்காது. முந்தின இரவே வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, இரண்டு சொட்டு சோப்பு விட்டு லைனை ஊறவைத்து, பழைய பனியனால் பிடித்து இழுத்துத் துடைத்துவிடுங்கள். பனியனில் ஏறும் கறுப்பைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.